தண்ணிக்குத் தடையில்லை

இருங்கோ தம்பி, உந்தக் கதிரையில இருங்கோ. மற்றது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். மாஸ்டர் இப்ப இல்லை, கடைப்பக்கம் போட்டார். ஓம், வருவார், வருவார், நீங்கள் அவசரப்படாதேங்கோ. கல்லூரிக்குப் புதுசா வந்த விளையாட்டு மாஸ்டர் நீங்கள்தானே? எப்பிடித் தெரியுமெண்டோ? சைக்கிளுக்குப் பின்னால வலைப்பைக்குள்ள ரெண்டு கரப்பந்தைக் கட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள், பிறகென்ன பேரும் ஊரும் கேக்கிறது. நான் கலியாணம் முடிச்ச நாள் துவங்கி உந்தப் பந்துகளோடதான் குடும்பம் நடத்தினனான். அலுமாரிக்குள்ள என்ர சீலையளைத் தள்ளிப்போட்டுப் பந்து அடுக்கின மனுசன் இவர்.

என்ன, சட்டம் கேக்க வந்தனீங்களோ? கழகத்துப் பெடியளைப் பற்றின சட்டமோ? சரி சரி, விளங்குது. சனி ஞாயிறில முள்ளியவளைக் கழகத்துக்குப் பழக்கப் போறியள், அங்கை ஒரு பெடியன் உங்கட கண்ணில விழுந்திட்டான். இடக்கைக்காரனோ? நல்லா எம்புவானாக்கும். அவனைக் கல்லூரிக்கு எடுக்க ஆசை. எடுக்கிறதுக்கிடையில, பஸ் தவறின நாளில உங்கட அறையில படுக்க விடலாமோ, ஒரு பிடி சோறு குடுக்கலாமோ, அதுதானே கேள்வி? ஆர் உங்களை இஞ்சை அனுப்பினது? கல்லூரி அதிபரோ. ஓ, அவர் சொல்லுவார். மாஸ்டரைவிட்டால் உந்தச் சட்டம் தெரிஞ்ச ஆள் இல்லையெண்டு சொல்லியிருப்பார். தெரியாமல் என்ன தம்பி, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே இவர்தானே.

உங்களுக்குச் சொல்லேல்லையோ? நல்ல ஆக்கள். இருங்கோ, தேத்தண்ணி ஆறுது, குடிச்சுக் குடிச்சுக் கேளுங்கோ.

முந்தி இந்தப் பக்கத்தில வேறொரு பள்ளிக்கூடத்தில ஒரு மாஸ்டர் இருந்தவர். பேர் வேண்டாம், இப்ப மாற்றலாகிப் போட்டார். அவர் கழகங்களுக்குப் பழக்கப் போறன் எண்டு சொல்லித்தான் போறது. போய், நல்லா விளையாடுற பெடியனாப் பாத்து, ஒருத்தனுக்குச் சப்பாத்து, ஒருத்தனுக்கு வீட்டில சாப்பாடும் படுக்கையும், ஒருத்தன்ர தேப்பனுக்கு ஒரு போத்தில் சாராயம் எண்டு குடுத்துக் குடுத்துத் தன்ர பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போடுவார். போட்டிக் காலம் முடிஞ்சால் பெடியனைத் திரும்பியும் பாக்கமாட்டார். அப்பிடி இழுத்த ஒரு பெடியனுக்கு முழங்கால் பிரண்டுபோச்சு. அவ்வளவுதான், அடுத்த நாளே பெட்டியைத் தூக்கெண்டு விட்டிட்டினம். பழைய பள்ளிக்கூடமும் எடுக்கேல்லை. இப்ப கடற்கரையில கரைவலை இழுக்கிறான், நொண்டி நொண்டி.

அதைக் கண்ட பிறகுதான் இவருக்குக் கொதி வந்தது. மாவட்டத்து விளையாட்டு மாஸ்டர்மாற்றை கூட்டத்தில எழும்பி நிண்டு, தொண்டை கிழியக் கத்தி, அந்தச் சட்டத்தை ஏத்தினவர். ஒரு கல்லூரி மாஸ்டர் கழகத்துக்குப் பழக்கினால், அந்தக் கழகத்துப் பெடியனைத் தன்ர கல்லூரிக்கு எடுக்க ஒரு வருஷம் பொறுத்திருக்கோணும். அந்த வருஷத்துக்குள்ள அவனுக்குச் சாப்பாடு குடுக்கப்படாது, படுக்கை குடுக்கப்படாது, சப்பாத்து, பஸ் காசு ஒண்டுமே குடுக்கப்படாது. குடுத்தது தெரிஞ்சால் அந்தப் பெடியன் பிறகு எந்தக் கல்லூரிக்கும் விளையாடேலாது. ஓம், தண்டனை பெடியனுக்குத்தான். மாஸ்டருக்குத் தண்டனை குடுத்தால் அவர் பயப்பிடமாட்டார், பெடியனே கிடைக்கமாட்டான் எண்டால்தான் உவங்கள் கையை வைக்கமாட்டாங்கள் எண்டு இவர்தான் விளங்கப்படுத்தினவர். எல்லாரும் கை தட்டினவையாம். அண்டைக்கு வீட்டை வந்த மனுசன் ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர், அவ்வளவு சந்தோசம்.

சீனி காணுமே? காணாட்டிச் சொல்லுங்கோ, இன்னும் போடுறன்.

அந்தக் காலத்தில இவர் ஒட்டுசுட்டானில ஒரு கழகத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். தலைவர் வீரகத்தி எண்டு, யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து குளத்துக் காணி எடுத்துக் கமம் செய்யிற ஆள். நல்ல மனுசன், ஆனால் தான்தான் எல்லாம் எண்ட நினைப்பு. ஊருக்குள்ள பெடியள் விளையாடுறது ஓவர் ஆட்டம்தானே, வாற பந்தை நேர மற்றப் பக்கம் அடிக்கிறது. ஒருத்தன் பந்தைத் தூக்கிவிட மற்றவன் எம்பி அடிக்கிற செற்றப் ஆட்டத்தை அங்கை பழக்கினது இவர்தான். அங்கைதான் சிவராசாவைக் கண்டவர்.

சிவராசா ஆரெண்டால், ஒட்டுசுட்டானில இருந்து காட்டுக்குள்ளால போனால் ஒரு குடியேற்றம் இருக்கு. எழுவத்தேழுக் கலவரத்தில அடிபட்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலயிருந்து ஓடிவந்த சனம் அங்கை காடு வெட்டி இருக்குதுகள். அதில மூக்கன் எண்டவரின்ர மகன். தாய் பேர் ராக்காயி. ஒரே பெடியன். முதல்நாள் பெடியன் விளையாடக்கூட வரேல்லையாம், வெளியில போற பந்தை ஓடியோடி எடுத்துக் குடுக்கத்தான் நிண்டவனாம். ஒருக்காப் பந்தைக் கையால எறியாமல் எம்பி அடிச்சுத் திருப்பி அனுப்பினவன். இவர் விசிலை வாயில வைச்சபடி அப்பிடியே நிண்டிட்டாராம். அண்டைக்கு வந்து எனக்குச் சொன்ன சொல்லு, ஈஸ்வரி, அவன் மேல போனால் கொஞ்ச நேரம் அங்கையே நிக்கிறான் எண்டு. எங்களுக்குப் பிள்ளையள் இல்லைத் தம்பி. நான் இவற்றை முகத்தைப் பாத்தன், எனக்கு விளங்கிப்போச்சு.

அங்கை இருக்கிற பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போட சரி. பெடியன் எட்டு முடிச்சிட்டுத் தேப்பனோட வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். கல்லூரிக்கு எடுத்தால் ஒன்பதாம் வகுப்பில சேந்து ஹொஸ்ரலில இருந்து படிப்பான், விளையாடுவான், நாளைக்கு ஒரு உத்தியோகம் எடுப்பான். இவர் தேப்பனோடயும் கதைச்சு, அதிபரோடயும் கதைச்சு, எல்லாம் சரி. ஆனால் வருஷம் ஒண்டு பொறுக்கோணும். இவர்தான் அந்தக் கழகத்துக்கு மாஸ்டர், இவற்றை சட்டம்தானே.

அந்த வருஷத்தை இவர் எப்பிடிக் காத்தவர் தெரியுமே? மைதானத்தில இவர் நான் கட்டிக்குடுக்கிற சோத்துப் பாசலைப் பெடியன் காணாமல் பின்பக்கம் போய் நிண்டு சாப்பிடுவாராம். குடுக்கவும் ஏலாது, குடுக்காமல் முன்னால இருந்து சாப்பிடவும் மனம் வராது. வெறுங்காலோட அவன் விளையாடிக் கால் வெடிச்சு ரத்தம் வரும், இவர் பாத்துக்கொண்டு நிப்பார். ஒருநாள் நான் இவருக்கு நல்லா ஏசினன். நீங்கள் என்ன மனுசனோ, மரமோ, ஒரு பழைய சப்பாத்துக் குடுத்தால் ஆர் வந்து கழட்டிப் பாக்கப்போறான் எண்டு கேட்டன். அதுக்கு இவர் சொன்னவர், ஒரு வருஷம் பொறுத்தால் அவன் மூண்டு நேரமும் ஹொஸ்ரலில சாப்பிடுவான், ஒருநாள் பிழைச்சால் அவனுக்கு ஒண்டும் இல்லை எண்டு. சொல்லுறதில ஞாயமும் இருக்குத்தானே தம்பி, இல்லையே?

இவரோ? வருவார், வருவார். கடையில ஆரும் பிடிச்சு வைச்சுக் கதை குடுப்பாங்கள். இருங்கோ.

போன மாசியில இஞ்சை முல்லைத்தீவு மைதானத்தில கழகங்களின்ர கடைசிப் போட்டி. பெடியனுக்கு வருஷம் முடியிற நேரம். அடுத்த தவணைக்குச் சேரலாம், அதிபர் ஹொஸ்ரலில கட்டிலும் பாத்து வைச்சிட்டார். ஒட்டுசுட்டான் கழகம் வீரகத்தியின்ர ட்ரக்ரரில வந்து இறங்கினது. நானும் போய்ப் பாத்தனான். அவன் அடிச்ச அடியில மற்றப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் பந்தைவிட்டிட்டு முகத்தைப் பொத்தினவன், சனம் சிரிச்சுது. வெண்டவங்கள். வெண்டு கூத்தாடி முடிய, ட்ரக்ரர் ஸ்ராட் எடுக்கேல்லை. தட்டிப் பாத்தினம், தள்ளிப் பாத்தினம், அசையேல்லை. பிறகென்ன, காலமை பாப்பம் எண்டு வீரகத்தி தன்ர மச்சான் வீட்டை போட்டார். மற்றப் பெடியளுக்கும் இஞ்சை டவுனில சித்தப்பன் பெரியப்பன் எண்டு ஆரோ ஒரு ஆள் இருக்கு, ஒவ்வொருத்தனாக் கழண்டிட்டாங்கள். சிவராசாவுக்கு ஆர் இருக்கினம் இஞ்சை? இவரைத் தவிர ஒருத்தரும் இல்லை.

பொழுதுபட்டுக்கொண்டு வாற நேரம். நான் குசினிக்குள்ள சோத்துப்பானையை இறக்கிப்போட்டு வெளியில வாறன், பெடியன் கேற்றடியில நிக்கிறான். உள்ளுக்கு வரேல்லை. இவர் வாசலில நிக்கிறார். எதிர்வீட்டு விறாந்தையில ஏரம்பர் சாய்மனைக் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறார். அவரின்ர தம்பிதான் நான் முதல் சொன்ன மற்றப் பள்ளிக்கூடத்துக்கு இப்ப பழக்கிறவர், அண்டைக்குத் தோத்த கழகமும் அவற்றைதான். ஏரம்பர் கண்டால் தம்பி கண்ட மாதிரி.

பெடியன் களைச்சுப்போய் நிக்கிறான், உள்ளுக்கு வரச்சொல்லுங்கோ எண்டன். இவர் என்னைத் திரும்பிப் பாக்காமல், சோறு போடாதை எண்டார். இண்டைக்கு ஒருநாளைக்காக அவன்ர காலம் முழுக்கக் கெட்டுப்போகும் எண்டார். எனக்கு வந்துதே ஒரு விசர். தண்ணி எண்டாலும் குடுக்கலாமோ, இல்லை அதுக்கும் உங்கட சட்டத்தில தடையோ எண்டு கேட்டன். நக்கலாத்தான் கேட்டனான் தம்பி. மனுசன் அதை நக்கலா எடுக்கேல்லை. நிண்டு யோசிச்சார். உண்மையாவே யோசிச்சார். யோசிச்சுப்போட்டு, தண்ணிக்குத் தடையில்லை எண்டார்.

செம்பில கொண்டுபோய்க் குடுத்தன். செம்பு வாயில படாமல் அண்ணாந்து குடிச்சான். இன்னொருக்காக் கேட்டான், இன்னொருக்கா வாத்தன். பிறகு இவரைப் பாத்துச் சிரிச்சிட்டு, கடைசி பஸ் இருக்குங்க சார், நான் போயிருவேன் எண்டான். இவர் நூறு தரம் சொன்னவர், ஒட்டுசுட்டானில இறங்கி வீரகத்தி வீட்டு விறாந்தையில படு, காட்டுக்குள்ளால போகாதை, கதிர் முத்தின காலம், ஆனை இறங்கியிருக்கும் எண்டு. சரிங்க சார் எண்டு தலையாட்டினவன். இவர் பஸ் ஸ்ராண்ட் மட்டும் பின்னால போனவர், பக்கத்தில போகேல்லை, பின்னால. பஸ் வெளிக்கிட்ட பிறகுதான் வீட்டை வந்தவர். வந்து, சோறு வேண்டாம் எண்டுபோட்டுப் படுத்தவர். அந்தப் பானைச் சோத்தை நான் காலமை மாட்டுக்கு ஊத்தினனான்.

ஓம் தம்பி. ஆனைதான்.

வீரகத்தி வீட்டுக் கேற்றடிக்குப் போயிருக்கிறான். நாய் குலைச்சிருக்கு. வீட்டில பொம்பிளையள் மட்டும், ஆரோ பெடியன் கேற்றடியில நிண்டதைக் கண்டவை. கூப்பிட்டிருந்தால் கதவு திறந்திருப்பம் எண்டு பிறகு சொல்லிச்சினம். அவன் கூப்பிடேல்லை. அந்தக் கழகத்துக்கு வருஷம் முழுக்க விளையாடிக் குடுத்தவன், அந்த வீட்டு விறாந்தையில ஒருநாளும் ஏறினதில்லை, என்னண்டு கூப்பிடுவான்? நிண்டுபோட்டு நடந்திட்டான். காலமை விறகுக்குப் போன சனம்தான் கண்டது, குளக்கட்டுத் திரும்புற இடத்தில. அதை நான் சொல்லமாட்டன், நீங்களும் கேக்காதேங்கோ.

செத்தவீட்டுக்கு நாங்கள் ரெண்டு பேரும் போனனாங்கள். எங்களுக்கு முதலே கதை அங்கை போட்டுது. ஏரம்பர் கண்டது பஸ் கொண்டக்டருக்குத் தெரிஞ்சு, கொண்டக்டர் சொல்லி ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. மாஸ்டர் வீட்டு வாசலில நிண்டு, உள்ளுக்கு எடுக்காமல், சோறு போடாமல், அண்ணாந்து தண்ணி குடிச்சிட்டுப் போன பிள்ளை எண்டு. அதுகள் என்னண்டு விளங்கும், சொல்லுங்கோ. இஞ்சை எங்கட ஆக்கள் எத்தினை வீட்டில அந்தச் சனத்துக்குக் கோப்பை குடுக்காமல் தேங்காய்ச் சிரட்டையில தேத்தண்ணி குடுத்தவை? அதுகளைத் தோட்டக்காட்டான் எண்டு பிள்ளையளுக்கு முன்னால சொல்லுற ஆக்கள்தானே நாங்கள். அதுகள் வேறென்னத்தை நினைக்கும்?

அந்தத் தாய் ராக்காயி ஒப்பாரியை நிப்பாட்டிப்போட்டு எழும்பி வந்தவா. இவருக்கு முன்னால வந்து நிண்டவா. சத்தம் போடேல்லை. ஏன் சாமி, எம்புள்ளைக்கு ஒரு வாச் சோறு போட்டா ஒங்க ஏனம் தீட்டாயிருமா எண்டு கேட்டா.

இவர் வாயைத் திறந்தவர் தம்பி. நான் பக்கத்தில நிண்டனான், கண்டனான். சட்டம் எண்டு சொல்லத்தான் திறந்தவர். சொல்லேலாமல் அப்பிடியே மூடிப்போட்டார். நான்தான் பொறுக்கேலாமல், ஐயோ அம்மா, அது உங்கட ஆக்கள் எண்டு இல்லை, பந்து விளையாட்டில ஒரு சட்டம் இருக்கு, சாப்பாடு குடுத்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில எடுக்கமாட்டினம் எண்டு சொல்லத் துவங்கினன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கிடந்தது. அவா கேட்டுக்கொண்டு நிண்டுபோட்டு, பசிச்சு வந்த புள்ளைக்குச் சோறு போடாதன்னு எந்த ஊர்லம்மா சட்டம் போடுவாங்க எண்டா. போட்டவர் எனக்குப் பக்கத்தில நிக்கிறார்.

அதுக்குப் பிறகு கல்லூரியை விட்டிட்டார். உடம்புக்கு ஏலாது எண்டு உங்களுக்குச் சொன்னவையோ? சொல்லட்டும், அவையும் என்னத்தைச் சொல்லுறது. சட்டம் மட்டும் இன்னும் கிடக்கு, எடுக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. நல்ல சட்டமாம்.

நீங்கள் கேட்டு வந்த கேள்விக்கு இவர் வந்து சொல்லோணும் எண்டில்லை, நான் சொல்லுறன். அந்தப் பெடியன் பசியோட வந்தால் சோறு போடுங்கோ. பஸ் தவறினால் உங்கட கட்டிலில படுக்க விடுங்கோ. விளையாட விடமாட்டினம் எண்டால் விடாமல் போகட்டும், வேறை ஏதும் வேலை செய்து பிழைப்பான். உயிரோட இருந்தால் பிழைப்பான்தானே.

ஏன் தம்பி எழும்புறியள்? பொழுதுபட்டது உண்மைதான். என்ன, நாளைக்கு வாறியளோ, மாஸ்டர் இருக்கிற நேரமாப் பாத்து. நாளைக்கு வந்தாலும் இதுதான் தம்பி. இருங்கோ ஒருக்கா. இவர் கடைக்குப் போகேல்லை.

பெடியன்ர பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனவர், இன்னும் வரேல்லை. அங்கைதான் இருக்கிறார், மூக்கன் வீட்டில. கேக்கிற ஆக்களுக்கு நான் கடை எண்டும் கோயில் எண்டும் யாழ்ப்பாணம் எண்டும் சொல்லிக்கொண்டிருக்கிறன். எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரிக் கேப்பினம், நானும் சொல்லுவன். நீங்கள் ஊருக்குப் புதுசு, உங்களுக்கெண்டாலும் தெரியாமல் இருக்கட்டும் எண்டுதான் பாத்தனான்.

பகலில பெடியன்ர தேப்பனோட வயல். இந்தப் போகமும் கதிர் முத்தி வருது, ராவில பரணில இருந்து தகரம் தட்டி ஆனை கலைக்கிறாராம். சாப்பாடு மூண்டு நேரமும் அந்தத் தாய் போடுறதுதான். அதையும் வீட்டுக்குள்ள இருந்து சாப்பிடமாட்டார். வாசலில, றோட்டால போற வாற சனம் காணத்தக்கதா, சோத்துக் கோப்பையை மடியில வைச்சுக்கொண்டு சாப்பிடுறார்.

நான் போகாமல் இருப்பனே. போன கிழமையும் போனனான். அந்த வாசலில இவருக்குப் பக்கத்தில இருந்து நானும் அவா போட்ட சோத்தைச் சாப்பிட்டன். சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு, வாங்கோ வீட்டை போவம், என்னால தனிய இருக்கேலாது எண்டு கேட்டன். கெஞ்சித்தான் கேட்டனான், இதில என்ன வெக்கம். தீட்டுப் பாத்துச் செய்யேல்லை எண்டதை அவா இன்னும் நம்பேல்லை ஈஸ்வரி, அவா நம்பட்டும், வாறன் எண்டார்.

வெயில் இறங்குமுந்தி ராக்காயி என்னைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டா. காட்டுக்குள்ளால பஸ் றோட்டு மட்டும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தவா. குளக்கட்டுத் திரும்புற இடத்தில என்னைக் கெதியா இழுத்துக்கொண்டு நடந்தவா. பஸ்சைக் கண்ட பிறகுதான் வாய் திறந்தா. ஒங்க வீட்டுக்காரர நாங்க புடிச்சு வைக்கலம்மா, நான் எப்பவோ நம்பிட்டேன், தெனமும் சொல்றேன், அவருதான் நம்ப மாட்டேங்கிறாரு எண்டா.

அதுதான் தம்பி. நான் சொல்லியும் கேக்கிறாரில்லை, அவா சொல்லியும் கேக்கிறாரில்லை. நீங்கள் பந்துக்காரர், உங்களோடயெண்டால் கதைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சத்தோட போய் வெளிச்சத்தோட திரும்பிற மாதிரிப் போங்கோ. சட்டத்தைப் பற்றி ஒண்டும் கேக்கவேண்டாம். அவா நம்பிட்டாவாம், வீட்டை வரட்டாம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வாங்கோ.